தொண்டரின் பயணச் செலவும் வருமான வரியும்

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப்பள்ளி இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூலை வாசித்துக் காட்டவும், அவர்கள் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதவும் ஆள் வேண்டும். இத்தகைய பணிகளுக்கு ஆவடியிலிருந்தோ அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்தோ வருகிறவருக்கு பஸ்ஸும் பெட்ரோலும் கைக்காசு. அந்தக் காசுக்கு வருமான வரியில் கழிவு தருவது நியாயமா?

இந்தியச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 80ஜி பிரிவாக வந்த விதி நன்கொடையில் பாதிக்கோ முழுமைக்கோ கழிவு தருகிறது; ஆனால் அது பணமாகப் போயிருக்க வேண்டும், ரொக்கமென்றால் 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அரிசி மூட்டையோ உழைப்போ கணக்கில் வராது. அமெரிக்காவில் தொண்டுக்காகக் கார் ஓட்டியவர் மைலுக்கு 14 சென்ட் கழித்துக்கொள்ளலாம். 1998 முதல் அந்தத் தொகை நகரவே இல்லை. தொழில் பயணத்துக்கோ 2025-இல் 70 சென்ட்!

கழிவு கேட்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயிரம் ரூபாயை வங்கி வழியே அனுப்பியவருக்குச் சலுகை உண்டு. அதே ஆயிரத்துக்குப் பெட்ரோல் போட்டு வந்து வாசித்துக் காட்டியவருக்கு இல்லை. இத்தனைக்கும் இவர் தம் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்தே கொடுத்தவர்.

கழிவு யார் கைக்குப் போகிறது என்று பார்த்தால்தான் சிக்கல் புரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் இருவர் இப்படிப் போய்வருவதாகக் கொள்வோம். பழைய வரிமுறையில் 30 சதவீத அடுக்கில் இருக்கும் மேலாளருக்கு, ஆயிரத்துக்கும் முழுக் கழிவு கிடைத்தால் செஸ்ஸோடு 312 ரூபாய் மிச்சம். லேத் பட்டறைத் தொழிலாளிக்கு வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லை. அவருக்குச் சல்லிக்காசு கிடைக்காது. ஆயிரம் ரூபாய் யாருக்குப் பெரிதோ அவரை விட்டுவிடும் சலுகை இது. இதற்கு மாறாக, தமிழகத்தில் 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தொண்டை மனதில் வைத்து வந்த திட்டமல்ல அது. ஆனாலும் பான் அட்டையே இல்லாத பெண்ணையும் பூந்தமல்லி வரை கொண்டுசேர்க்கிறது.

மேலும், வரித்துறைக்குக் காட்டும் பெட்ரோல் பில்லில் வண்டி எங்கே போனது என்று எழுதியிருக்காது.

ஆகவே வரிக் கழிவைவிட, பயணம் யாருக்காகவோ அந்த நிறுவனமே செலவைத் தருவதுதான் முறை. உண்மையாக ஆன செலவைத் திரும்பப் பெறுவது வருமானமும் ஆகாது. இதற்குத் தடையாக நிற்பது சட்டமல்ல, கூச்சம். ‘காசு வாங்கிக்கொண்டா சேவை’ என்ற பேச்சுக்கு அஞ்சி வவுச்சரில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். வசதியுள்ளவர் பெருந்தன்மையாக ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் லேத் தொழிலாளிக்கும் வாய் அடைத்துப் போகிறது. ஆகவே கேட்டுக் கொடுப்பதைவிட, வந்த எல்லோருக்கும் கொடுத்துவிடுவதே நல்லது.

வேண்டாதவர் அதை வாங்கிக்கொண்டு, பிறகு நன்கொடையாக அனுப்பி 80ஜி ரசீது பெறலாமா? பெறலாம். ஆன செலவுக்கு வந்த பணம் அவருடையது. தூரத்தைக் கூட்டி எழுதினால்தான் அது திருட்டு. ஆனால் 2023-24 நிதியாண்டு முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் தனிநபருக்கு 80ஜி கழிவே கிடையாது. மேலாளர் அந்த முறைக்கு மாறிவிட்டால், அவருக்கும் தொழிலாளிக்கும் கிடைக்கக்கூடியது நிறுவனம் தரும் பஸ் காசு மட்டும்தான்.