ஸ்பீட்: வேகத்துக்கு முந்திய பொருள்

ஸ்பீட் என்னும் ஆங்கில வினைச்சொல் இன்று பெரும்பாலும் விரைந்து செல்லுதலையே குறிக்கிறது. ஆயினும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'ஸ்பேடன்' என்றிருந்த அதன் முன்வடிவத்துக்குச் செழித்தல், எடுத்த காரியம் கைகூடப் பெறுதல் என்பனவே முதன்மைப் பொருள்கள். விரைவு என்னும் பொருள் அக்காலத்தின் பிற்பகுதியில் அரும்பி, நாளடைவில் மூலப்பொருளை மறைத்துவிட்டது. நம்பிக்கையைக் குறிக்கும் 'ஸ்பேஸ்' என்னும் லத்தீன் சொல்லையும் இதே வேரோடு மொழியியலாளர் இணைத்துக் காண்பர். பதற்றம் மிகுந்தால் ஸ்பீட் குறையும் என்னும் ஆங்கிலப் பழமொழியில் அச்சொல் வேகத்தையன்றி வெற்றியையே குறித்தது என்பதை அறியாதோர்க்கு அப்பழமொழி வெறும் முரண்தொடராகவே தோன்றும்.

பழம்பொருளின் முழு வலிமையும் வழிபாட்டு மொழியில்தான் நிலைத்தது. பயணம் புறப்படுவோரை வழியனுப்பும் 'காட்ஸ்பீட்' என்னும் வாழ்த்து, கடவுள் விரைவைத் தருவாராக என்று வேண்டுவதன்று. அவர் காரியத்தைக் கைகூட வைப்பாராக என்று வேண்டுவதாகும். 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ஈசாக்குக்குப் பெண் தேடிச் செல்லும் ஆபிரகாமின் ஊழியன் கிணற்றருகே நின்று இறைவனிடம் கேட்பதும் 'நல்ல ஸ்பீட்'தான். அவன் வேண்டி முடிக்குமுன்னரே ரெபேக்காள் குடத்தோடு வருகிறாள். அவ்வளவு விரைவில் விடை கிடைத்தும், தன் பயணத்தை இறைவன் வாய்க்கச் செய்தாரோ இல்லையோ என்பதை அறியும்பொருட்டு, அவள் ஒட்டகங்களுக்குத் தண்ணீர் வார்ப்பதை அவன் வாய்திறவாமல் உற்று நோக்கியிருக்கிறான். விரைவை வெற்றிக்குச் சான்றாக அவன் எடுத்துக்கொள்ளாத இந்த இடமே இக்கதையின் ஆன்மிக மையம் எனலாம்.

இங்கு எழும் மெய்யியல் கேள்வி, வெற்றியைத் தருபவர் யார் என்பதாகும். பழம்பொருளில் ஸ்பீட் பிறரிடமிருந்து வருவது, ஆகவே வேண்டுதற்குரியது. தூரத்தைக் காலத்தால் வகுத்துப் பெறும் இன்றைய ஸ்பீடிலோ, தருபவருக்கு இடமே இல்லை. நம்பிக்கை என்பது அடைதற்கு அரிதாயினும் இயலக்கூடியதான எதிர்கால நன்மையை நாடுவது என்று 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வரையறுத்தார். அந்த அருமையைத் தன் ஆற்றலால் மட்டும் கடந்துவிட முடியும் என்று எண்ணுவதை அவர் துணிச்செருக்கு என்னும் பாவத்தில் அடக்கினார். காத்திருத்தலையே தோல்வியாகக் கருதும் மனம் இச்செருக்கிலிருந்து வெகுதொலைவில் இல்லை.

இதனால் விரைவே குற்றமாகிவிடாது. பெண்வீட்டார் பத்து நாளேனும் ரெபேக்காள் தங்கியிருக்கட்டும் என்று வேண்டியபோது, தன்னைத் தடுக்கலாகாது என்று அதே ஊழியன் அவசரப்படுகிறான். இறைவன் தன் வழியை வாய்க்கச் செய்துவிட்டார் என்பதே அதற்கு அவன் கூறும் காரணம்.