இரத்தத்தின் மீது பழி

மனிதன் நோயில் வீழ்வதும் அதிலிருந்து மீள்வதும் பிறப்பால் அமைந்த விதியா, அன்றி அவன் வாழும் சமுதாயத்தின் விளைவா? பழைய கேள்விதான், மரபணுவைப் படிக்கக் கற்றுவிட்ட இக்காலத்தில் அது புதுக்கோலம் பூண்டு நம்முன் நிற்கிறது.

உடலுள் கிருமி நுழைந்ததை உணர்ந்து அபாயக் குரல் எழுப்பும் மரபணுக் குடும்பம் ஒன்றுண்டு. 'டோல்' வகை ஏற்பிகள் எனப்படும் அக்குடும்பத்தில் மனிதருக்கு உறுப்பினர் 10. பல நாட்டு மக்களின் மரபணுக்களை ஒப்பிட்ட விஞ்ஞானிகள் கண்டது என்ன? வைரஸை உயிரணுவின் உள்ளே இனங்காணும் உறுப்பினர்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே வடிவினர். புறத்தே நின்று பாக்டீரியாவை உணர்வோரிடம் வேறுபாடு மிகுதி. ஐந்தாம் உறுப்பினர் செயலிழந்தும் நலமாக வாழ்வோர் பலர் உளர். 2015இல் 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபணுத் தொகுதிகளை வெளியிட்ட உலகத் திட்டத்தில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழரும் ஒரு குழுவினர். ஆகவே இவ்வறிவு நமக்கு அந்நியமன்று.

இதனை வரவேற்போம். ஆனால், வேறுபாடு உண்டு என்பதிலிருந்து 'அதுவே விதி' என்று தாவுவோரை மன்னார்க் கரைக்கு அழைப்போம். 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்து இக்கரையில் இறங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் காட்டுவழியே நடந்த தொழிலாளர் பலர் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களைக் கொன்றது அவர்தம் இரத்தமா? பசியும், அசுத்த நீரும், மனித உயிரை மலிவாக மதித்த இலாப வேட்கையும் அன்றோ!

மலேரியாவின் கதையும் இதுவே. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட அந்நோயிலிருந்து இலங்கை விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. இடைப்பட்ட இரண்டு மூன்று தலைமுறைகளில் மக்களின் மரபணு மாறிவிடவில்லை. இலவச மருத்துவமும், இரத்தப் பரிசோதனையும், ஊர் ஊராகச் சென்ற ஊழியர்களின் உழைப்புமே அதனைச் சாதித்தன. அதே ஆண்டின் இறுதியில், இலங்கையில் முன்னர் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் மலேரியா நுளம்பு மன்னார்த் தீவிலே கண்டறியப்பட்டது. கிணற்று நீரிலும் பெருகவல்லது அது. அதனைத் தடுக்க வேண்டிய இடம் மீனவன் வீட்டுக் கிணறு, அவன் வம்சாவளியன்று.

பிறப்பால் வலுக்குறைந்தோர் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வுண்மை சமுதாயத்தின் கடமையைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. எவருடைய உடலில் காவல் குறைவோ, அவருடைய வாசலுக்கே மருந்தும் தூயநீரும் முதலில் சென்றடைய வேண்டும். மரபணு ஆராய்ச்சி அந்த வாசலைக் காட்டும் விளக்காகட்டும். பொறுப்பைத் தட்டிக் கழிப்போருக்குச் சாக்காக அதனை நாம் விட்டுவிடலாகாது.