திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர்

தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர். 1910-இல் அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கல்லூரித் தேர்வில் தேறாதவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கிடைத்தால் போதும் என்றார். பெயர் ராமானுஜன்.

இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தொடங்கியவர் ராமசாமி ஐயர். இளைஞர் நீட்டிய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியவருக்கு, இந்த மூளையை ரெவின்யூ கணக்கில் முடக்க மனம் வரவில்லை. வேலை தரவில்லை, சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அங்கே பேராசிரியர் சேஷு ஐயர், பிறகு நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். ராவ் முதலில் சந்தேகப்பட்டார், பின்பு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை.

லிங்க்ட்இன்னில் கண்ணில் பட்டவர்க்கெல்லாம் "ஹாய் சார்" தட்டிவிடும் இறுதியாண்டு மாணவர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். ராமானுஜனிடம் பட்டம் இல்லை, காட்டுவதற்குக் கணிதம் இருந்தது; அதைப் படிக்கத் தெரிந்தவர் வாசலுக்குத்தான் போனார். 1913-இல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதும் முன்பே அங்கே வேறு இரு கணிதர்களுக்கு எழுதிப் பார்த்திருந்தார், இரண்டும் பலிக்கவில்லை.