கறுப்புப் பித்தம்

சில வருடங்களுக்கு முன் என் குழுவில் ஒரு பையன் இருந்தான். வயது இருபத்தாறு. நன்றாக நிரல் எழுதுவான். திடீரென்று அவன் வேலைகள் தேங்க ஆரம்பித்தன. காலைக் கூட்டத்தில் கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு, "நேத்து பாத்ததையேதான் இன்னிக்கும் பாக்குறேன்ணா" என்பான். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு ஆண்டு மதிப்பீட்டில் 'பொறுப்புணர்வு போதவில்லை' என்று எழுதினேன். தனியாகக் கூப்பிட்டு, "சோம்பேறித்தனம்டா இது, வேற ஒண்ணுமில்ல" என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, மருத்துவச் சான்றிதழுடன் அவன் விடுப்பு விண்ணப்பம் வந்தது. மனச்சோர்வு என்று அதில் எழுதியிருந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் என் மனதில் குற்றவாளியாக இருந்தவன் நோயாளி ஆகிவிட்டான். அவன் நிலைமை அப்படியேதான் இருந்தது. பெயர் மட்டும் மாறியிருந்தது. ஒரு பெயர் எப்படி இத்தனை சுலபமாகத் தீர்ப்பை மாற்றிவிடுகிறது என்ற கேள்வி அன்றைக்கு எனக்குள் விழுந்தது.

இந்தப் பெயர்களின் கதை நீளமானது. கிரேக்கத்தில் 'மெலன்கோலியா' என்றால் கறுப்புப் பித்தம். ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்று உடலில் நான்கு திரவங்கள். கடைசியது மிகுந்தால் மனம் இருண்டுவிடும் என்று நம்பினார்கள். பயமும் துயரமும் நெடுநாள் விலகாமல் இருந்தால் அது மெலன்கோலியா என்கின்றன ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்கள். நமக்கு இது அந்நியமில்லை. பித்தத்துக்குப் பக்கத்திலேயே பித்து என்ற சொல்லை வைத்திருப்பவர்கள் நாம். 'பித்தம் தலைக்கேறிடுச்சு' என்று இன்றைக்கும் சொல்கிறோம். கறுப்புப் பித்தம் என்று தனியாக ஒரு திரவம் உடலில் கிடையாது. ஆனாலும் அந்தத் தப்பான விளக்கத்துக்குள் ஒரு கருணை இருந்தது. துயரத்தின் வேர் ஒருவனுடைய குணத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, உடம்பிலும் இருக்கலாம் என்று அது சொன்னது.

வேறு சிலர் அதை வரமாகப் பார்த்தார்கள். தத்துவம், அரசியல், கவிதை, கலை என எதில் சிறந்தவர்களைப் பார்த்தாலும் ஏன் மெலன்கோலியாக்காரர்களாக இருக்கிறார்கள் என்று கேட்கிறது அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஒரு தொகுப்பு. 1514இல் ட்யூரர் செதுக்கிய புகழ்பெற்ற படத்தில், இறக்கை முளைத்த ஒருத்தி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் கருவிகள் போட்டது போட்டபடி கிடக்கின்றன. 'கன்னத்துல கை வெச்சு உக்காராத' என்று அதட்டும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தப் படம் உடனே புரிந்துவிடும்.

மூன்றாவது பெயர், பாவம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி 'அசீடியா' என்ற நண்பகல் பிசாசைப் பற்றி எழுதினார். அது பிடித்த துறவிக்குச் சூரியன் நகர்வதே இல்லை. பகல் ஐம்பது மணி நேரம்போல நீள்கிறது. யாராவது வருகிறார்களா என்று சன்னலையே பார்க்கிறான். இருக்கும் இடமும் செய்யும் வேலையும் கசக்கின்றன. கேமராவை அணைத்துவைத்த என் பையனை இதைவிடத் துல்லியமாக யாரும் எழுதிவிட முடியாது. எவாக்ரியஸுக்கு அது போராடி விரட்ட வேண்டிய தீய எண்ணம். பின்னாட்களில் ஏழு பெரும் பாவங்களின் பட்டியலில் அது சோம்பலுக்குள் போய்க் கரைந்தது. மதிப்பீட்டுப் படிவத்தில் நான் எழுதிய வரிக்கு இத்தனை நூற்றாண்டு வயது என்று அப்போது எனக்குத் தெரியாது.

1917இல் ஃப்ராய்ட் துக்கத்தையும் மெலன்கோலியாவையும் பிரித்துக் காட்டினார். துக்கத்தில் இருப்பவனுக்கு உலகம் வெறுமையாகத் தெரிகிறது. மெலன்கோலியாவில் அவனே தனக்கு வெறுமையாகிவிடுகிறான். தன்னை ஓயாமல் தூற்றிக்கொள்கிறான். அப்படியென்றால், அந்த நோய் உள்ளே ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வேலைக்கு வெளியிலிருந்து நானும் ஒரு கை கொடுத்திருக்கிறேன்.

சரி, பழி சொல்வது தவறு. நோய் என்று சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்ட எழுத்தாளர் ப்ரீமோ லெவி 1987 ஏப்ரலில் தூரின் நகரில் இறந்தார். தற்கொலை என்று அதிகாரபூர்வமாக முடிவானது. விபத்து என்று சொல்பவர்களும் உண்டு. அடுத்த ஆண்டு அவரைப் பற்றி நியூயார்க்கில் நடந்த ஒரு கருத்தரங்கில் சிலர், இப்படிச் செய்துவிட்டாரே என்ற ஏமாற்றத்தோடு பேசினார்கள். ஏதோ அவர் வாக்குத் தவறியதைப் போல. மனச்சோர்வில் மூழ்கி மீண்டிருந்த அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் அதற்கு நியூயார்க் டைம்ஸில் பதில் எழுதினார். புற்றுநோயில் இறந்தவரை யாரும் குறை சொல்வதில்லையே, இவரை மட்டும் ஏன் சொல்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த வாதத்தின் முதல் பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாவது பாதியில்தான் எனக்குச் சிக்கல். புற்றுநோயாளியிடம் நோய் வேறு, ஆள் வேறு என்று பிரித்துப் பேசிவிடலாம். மனச்சோர்வு அந்த ஆளின் குரலிலேயே பேசுகிறது. எது நோய் சொல்வது, எது அவன் சொல்வது என்று நமக்குத் தெரிவதில்லை. எல்லாமே நோய்தான் என்று முடிவுகட்டிவிட்டால், அவன் சொல்லும் எதையும் நாம் காதில் வாங்க வேண்டியதில்லை. நான் செய்தது அதுதான்.

பையன் இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தான். நான் மிகவும் நல்லவனாக நடந்துகொண்டேன். "ஒண்ணும் அவசரமில்ல, ரெஸ்ட் எடு" என்றேன். முக்கியமான வேலைகளிலிருந்து அவன் பெயரை எடுத்தேன். அவன் கருத்தைக் கேட்பதை நிறுத்தினேன். ஒரு வருடத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டான். சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். பந்திக்குக் காத்திருந்தபோது மன்னிப்புக் கேட்டேன், அந்த 'சோம்பேறி'க்காக. அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "திட்டுனப்பகூட என்னால முடியும்னு நெனச்சுதான திட்டுனீங்கண்ணா. அப்புறம்தான் எங்கிட்ட ஒண்ணுமே கேக்காம விட்டுட்டீங்க."

எங்கள் தொழிலில் 'பழி சுமத்தாத போஸ்ட்மார்ட்டம்' என்று ஒன்று உண்டு. சர்வர் விழுந்தால் யார் விழவைத்தது என்று கேட்பதில்லை. என்ன நடந்தது, அடுத்து யார் எதைச் செய்ய வேண்டும் என்று எழுதுகிறோம். பழி இருக்காது, வேலைகளும் அவற்றுக்கு நேரே பெயர்களும் இருக்கும். ஹன்னா பிக்கார்ட் என்ற தத்துவவாதி, ஆளுமைக் கோளாறு உள்ளவர்களோடு பணியாற்றிய அனுபவத்திலிருந்து கிட்டத்தட்ட இதையே சொல்கிறார்: ஒருவரைப் பொறுப்புள்ளவராக நடத்தலாம், பழிக்காமலேயே. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று சொல்வதோடு அது நிற்கவில்லை. அவருக்குக் கவனிப்பும் சிகிச்சையும் தரும் கடமையை அரசின் மேல் வைக்கிறது.

ராபர்ட் பர்ட்டன் இதை முன்பே வாழ்ந்து பார்த்திருக்கிறார். மெலன்கோலியாவைப் பற்றிய தன் பெரும் நூலை 1621இல் வெளியிட்ட அந்த ஆக்ஸ்ஃபோர்ட் பாதிரியார், 1640இல் இறக்கும்வரை அதைத் திருத்தி வளர்த்துக்கொண்டே இருந்தார். தன்னைப் பிடித்த துயரத்திலிருந்து தப்பிக்கவே அதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொண்டார். நோயாளியும் அவரே, வேலைக்காரரும் அவரே.

மனச்சோர்வின் உச்சத்தில் இருப்பவரிடம் போய் வேலை கேட்கச் சொல்லவில்லை. அப்போது மருத்துவர் வேண்டும், மருந்து வேண்டும், பக்கத்தில் ஆள் வேண்டும். ஆனால் எழுந்து வந்தவனிடம் ஏதாவது கேட்க வேண்டும். சின்னதாகவேனும், "இதப் பத்தி நீ என்ன நெனைக்கிற?" என்றாவது. அன்று பந்தியில் உட்கார்ந்ததும், மூன்று வாரமாக எனக்குப் பிடிபடாத ஒரு பிழையைப் பற்றி அவனிடம் கேட்டேன். சாம்பார் வந்து, ரசம் வந்து, மோர் வரும்வரை விளக்கினான். அவன் சொன்னது பாதி தப்பு. அதையும் அவனிடம் சொன்னேன்.