ஓய்வு நாளில் யாருக்கு ஓய்வு?

பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் ஏறுமுன் இராஜபாளையத்தில் காலைப் பொழுது இதமானது. மலைப்பக்கத்துக் காற்றில் இரண்டு மணி நேரம் டென்னிஸ் ஆடிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்புப் பக்கம் ஏதேனும் ஒரு மாந்தோப்பில் குடும்பத்தோடு பகலைக் கழிக்க யாருக்குத்தான் ஆசை இராது? ஆனால், இவ்வாறு ஒரு நாளை உல்லாசமாகச் செலவிடுவது மார்க்கத்துக்கு ஏற்றதுதானா என்று நம்மில் சிலர் தயங்குவதுண்டு.

தயங்க வேண்டியதில்லை. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்குரிய ஹக்கைப் போலவே உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கு உண்டு என்று ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள். அது உண்மையே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் அண்ணலார் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியும் நாம் அறிந்ததே. ஆகவே, விளையாட்டு கூடுமா என்பதல்ல நம் கேள்வி. அந்த இன்பத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

சற்று எண்ணிப் பார்ப்போம். ஆடவர் மட்டையுடன் கிளம்பும் அதே நேரத்தில் வீட்டில் அடுப்பு எரிகிறது. பதினைந்து பேருக்குச் சோறு ஆக்கிக் கட்டியெடுத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுத்தி, தோப்பில் எல்லோருக்கும் பரிமாறி, மாலையில் வீடு திரும்பிப் பாத்திரமும் கழுவுகிறவர்கள் நம் தாய்மாரும் மனைவிமாருமே. ஒருவருடைய ஓய்வு மற்றவருக்கு இரட்டை வேலையாகிவிட்டதே! "அவர்கள் விரும்பித்தானே செய்கிறார்கள்?" எனலாம். விரும்பிச் செய்வதால் அவர்களுடைய ஹக்கு இல்லாமற் போய்விடுமா? அவர்கள் கேட்பதில்லை என்பதனாலேயே நாம் கேட்டறிய வேண்டும். அண்ணலார் தம் இல்லத்தில் வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள் என்றும், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டு விடுவார்கள் என்றும் அன்னையவர்கள் அறிவித்துள்ளார்கள். ஓட்டப் பந்தயத்திலும் அன்னையவர்கள் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை, உடன் ஓடினார்கள்!

ஆடுகளத்தில் பந்து பொறுக்கிப் போடும் ஏழைச் சிறுவனையும் மறந்துவிடலாகாது. அவனுக்குக் கூலி கொடுப்பது கடமை. ஆட்டம் முடிந்தபின் மட்டையை அவன் கையில் கொடுத்து நாலு பந்து அடிக்கச் சொல்வது கருணை.

தோப்புக்கும் இதே நியாயந்தான். ஏழைகள் நுழையுமுன் விடியற்காலையிலேயே கனிகளைப் பறித்துவிடச் சூழ்ச்சி செய்த தோட்டக்காரர்களின் கதை திருக்குர்ஆனில் அல்கலம் அத்தியாயத்தில் வருகிறது. பொழுது விடிந்தபோது தோட்டமே அழிந்து கிடந்தது. பிறருக்குக் கதவடைத்த இன்பத்தில் பரக்கத் இல்லை. ஆனால், ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பது அவருக்கு தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. செண்பகத்தோப்பு மலையடிவாரம் சாம்பல் நிற மலை அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக்கப்பட்டது. 2021-இல் அமைந்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அதுவும் சேர்ந்தது. தரையில் அரிதாகவே இறங்கி, மரத்துக்கு மரம் தாவி வாழும் அந்த அணிலும் அங்கே ஹக்குடைய ஒரு படைப்பே. இலையையும் காகிதத்தையும் போட்டுவிட்டு வருவதும், கூச்சலிட்டு அதனை விரட்டுவதும் விருந்தாளிக்கு அழகல்ல.

ஆகவே, அடுத்த உல்லாச நாளில் சமையலை ஆடவர் பங்கிட்டுக் கொள்ளட்டும். அல்லது கடைச் சோறு போதுமென்று இருக்கட்டும். பெண்களும் நிழலில் காலாற உட்காரட்டும். தோப்புக் காவலருக்கும் ஒரு தட்டு போகட்டும். லுஹரும் அஸரும் மாமர நிழலிலேயே ஜமாஅத்தாக நிறைவேறட்டும்.

மாலையில் வீடு திரும்பும்போது எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி இருக்கிறதா, சிலர் முகத்தில் மட்டுந்தானா என்று பார்த்தால் போதும். அந்த நாளின் கணக்கு நமக்கே விளங்கிவிடும். பிறர் ஹக்கைப் பறிக்காத மகிழ்ச்சியை அல்லாஹ் நம் இல்லங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.