புத்தரின் முதுகு வலி

பாவா நகரத்து மல்லர் குலத்தார் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். வேறு யாரும் புழங்குவதற்கு முன் புத்தரின் பாதம் அதில் பட வேண்டும் என்று அவரை அழைத்தார்கள். அவரும் வந்தார். இரவு வெகுநேரம் அவர்களிடம் பேசிவிட்டு, நேரமாயிற்று, கிளம்புங்கள் என்று அனுப்பிவைத்தார். துறவிகள் மட்டும் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். தூக்கம் வரவில்லை, இன்னும் கேட்கும் ஆவல். புத்தர் தம் சீடர் சாரிபுத்தரைப் பார்த்து, நீ இவர்களிடம் பேசு, எனக்கு முதுகு வலிக்கிறது, கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன் என்றார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கம் ஒருக்களித்து, ஒரு காலின் மேல் மறுகாலை வைத்துப் படுத்துக்கொண்டார். சாரிபுத்தர் பேசி முடித்தபிறகுதான் எழுந்தார். நன்றாகச் சொன்னாய் என்று மெச்சினார்.

பௌத்த நூலான தீக நிகாயத்தின் சங்கீதி சூத்திரம் இந்தக் காட்சியோடுதான் தொடங்குகிறது. மஜ்ஜிம நிகாயத்தின் சேக சூத்திரத்திலும் ஏறக்குறைய இதே நிகழ்ச்சி. இடம் மட்டும் வேறு: கபிலவஸ்துவில் சாக்கியர்கள் கட்டிய புதிய மண்டபம். அங்கே பேசும் பொறுப்பு இன்னொரு சீடரான ஆனந்தருக்கு.

குருவின் சொற்களை மனப்பாடமாகத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் இந்த இரண்டு வரிகளை நினைத்திருந்தால் விட்டிருக்கலாம். விடவில்லை. முதுகு பிடித்துக்கொண்டு சபையில் உட்கார முடியாமல் போன ஒரு ஞானியை அப்படியே நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டுக் கட்டிலிலிருந்து எழும் எழுபது வயதுக்காரர் ஒவ்வொருவருக்கும் அவர்கள் செய்த உதவி இது.

ஆனால் ஒரு கேள்வி உடனே எழுந்தது. ஆசையும் வெறுப்பும் அற்றுப்போன ஒருவருக்கு முதுகு ஏன் வலிக்க வேண்டும்? மரபுக்குள்ளேயே இதற்கு ஒரு விடை இருக்கிறது. அபதானம் என்ற நூலில், முற்பிறவி ஒன்றில் மற்போரின்போது ஒரு மல்லனை நோகச் செய்ததாகவும், அந்த வினையின் விளைவாகவே தமக்கு முதுகு வலி வந்ததாகவும் புத்தரே சொல்வதுபோல் வருகிறது. கணக்கு நேராகிவிட்டது: அன்று கொடுத்த வலி, இன்று வாங்கிய வலி.

இந்தக் கணக்கு நம் வீடுகளிலும் உண்டு. குனிந்து குடத்தை எடுக்க முடியாமல் நிமிர்கிற பாட்டி, "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினேனோ" என்கிறார். பெருமூச்சோடு சேர்ந்து வரும் பேச்சுதான். ஆனாலும் அதன் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது. வலி ஒரு தண்டனை என்றால் அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். அதைக் குறைக்க வழி தேடுவதுகூடத் தப்பிக்கும் முயற்சிபோல் தோன்றிவிடும். முதுமையில் வலி தருகிற துன்பத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்து ஏறிக்கொள்கிறது.

புத்தர் இதை ஏற்றாரா? சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்றொரு பரிவிராஜகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, நேராகவே கேட்கிறான். மனிதன் படும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்வினைப் பயன் என்று சிலர் சொல்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? இல்லை என்பது பதில். சில வலிகள் பித்தத்தால் வருகின்றன, சில கபத்தால், சில வாதத்தால், சில மூன்றும் சேர்வதால். பருவம் மாறுவதால் வருபவை உண்டு. உடலைத் தாறுமாறாக வைத்துக்கொள்வதால் வருபவை உண்டு. அடிபடுவதால் வருபவை உண்டு. எட்டாவதாகத்தான், கடைசியாகத்தான், வினையின் பயன் வருகிறது. வலிகள் இப்படிப் பல காரணங்களால் வருவது நாமே அறியக்கூடியது, உலகமும் ஒத்துக்கொள்வது. எல்லாவற்றையும் முன்வினையில் ஏற்றுபவர்கள் இந்த இரண்டையும் மீறிப் பேசுகிறார்கள் என்று அவர் முடிக்கிறார்.

எட்டில் ஏழு இடம் உடலுக்கும் வானிலைக்கும் விபத்துக்கும் ஒதுக்கியவர் அவர். தத்துவ நூல் என்று நினைத்துப் படிப்பவருக்கு மருத்துவரின் அறைக்குள் நுழைந்துவிட்ட உணர்வு வரும்.

ஐந்தாம் நூற்றாண்டு உரையாசிரியரான புத்தகோசர் இந்த வழியில்தான் நடக்கிறார். சேக சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, முதுகு ஏன் வலித்தது என்ற கேள்விக்கு அவர் தரும் காரணம் எளியது. ஆறு ஆண்டுகள் கடுந்தவம் செய்து உடலை வாட்டினார். வயதான காலத்தில் அது முதுகு வாதமாக வெளிப்பட்டது. இளமையில் உடலுக்குச் செய்ததை உடல் முதுமையில் நினைவூட்டுகிறது. முற்பிறவிவரை போக வேண்டியதில்லை. இந்த உரையின் முடிவுரையில் புத்தகோசர், முன்பு மயூரபட்டினத்தில் தம்மோடு தங்கியிருந்த புத்தமித்திரர் என்ற தேரரின் வேண்டுகோளால் இதை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். அந்த ஊரை மயிலாப்பூர் என்பவர்களும் உண்டு, மயிலாடுதுறை என்பவர்களும் உண்டு. புத்தரின் முதுகு வலிக்கு மருத்துவ விளக்கம் தந்த உரைக்குத் தமிழ் மண்ணோடு இப்படி ஒரு தொடர்பு இருப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழில் ‘இடுப்பு வலி’ என்றால் கீழ்முதுகும் இடுப்புதான், தொடை உடலோடு சேரும் மூட்டும் இடுப்புதான். எங்கே வலி என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால்தான் வேறுபாடு தெரியும். கால் இடுக்கில் வலித்து, செருப்பு மாட்டவும் கால் நகம் வெட்டவும் முடியாமல் போனால் இடுப்பு மூட்டைச் சந்தேகிக்கலாம். நடக்க நடக்கக் கால்கள் கனத்து வலித்து, உட்கார்ந்தாலோ தள்ளுவண்டியைப் பிடித்து முன்னே சாய்ந்தாலோ தணிந்தால், முதுகெலும்புக்குள் நரம்புக்கான இடம் குறுகியிருக்கக்கூடும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

ஸ்கேன் அறிக்கையைக் கையில் வாங்கி, ‘தேய்மானம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் பலருக்கு உள்ளே ஏதோ உடைந்துவிடுகிறது. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு அவர்கள் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. முதுகு வலியே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய 33 ஆய்வுகளை அது ஒன்றுசேர்த்தது. வலி சிறிதும் இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு முதுகெலும்பின் வட்டுகளில் தேய்மானம். எண்பது வயதில் 96 சதவீதம். நரைத்த முடிபோல, தோலின் சுருக்கம்போல, அது காலத்தின் தடம். அதை யாரும் குற்றப்பத்திரிகையாகப் படிக்க வேண்டியதில்லை. கீழ்முதுகு வலியோடு வாழ்பவர்கள் 2020இல் உலகெங்கும் சுமார் 61.9 கோடி பேர். அத்தனை பேரும் போன பிறவியில் யாரையோ அடித்தவர்கள் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

காரணத்தைக் கண்டுபிடித்தாலும் வலி அப்படியே இருக்கிறதே? அதற்கு புத்தர் சொன்னது இரண்டு அம்புகளின் உவமை. அம்பு ஒன்று தைத்தவனுக்கு வலிக்கும். அவன் அழுது புலம்பி மனம் கலங்கினால், அதே இடத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது அம்பும் தைத்ததுபோல் ஆகிறது. முதல் அம்பு உடலில், இரண்டாவது மனதில். முதல் அம்பு பயிற்சி பெற்றவருக்கும் தைக்கும் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பாவாவில் படுத்துக்கொண்டவருக்கு அதைச் சொல்லத் தகுதி இருந்தது.

நாள்பட்ட வலியில் இரண்டாவது அம்பு எப்படி இருக்கும் என்பது முதியவர்களுக்குத் தெரியும். இனி எழவே முடியாதோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ, குனிந்தால் ஏதாவது பிசகிவிடுமோ. பயத்தில் நடையைக் குறைக்கிறார்கள். நடை குறையத் தசை மெலிகிறது. தசை மெலிய வலி கூடுகிறது. இந்தச் சங்கிலியை அறுக்கும் முயற்சியாக அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் 1979இல், பௌத்தத் தியான முறைகளிலிருந்து எடுத்து, நாள்பட்ட வலிக்காரர்களுக்கு ஒரு பயிற்சி தொடங்கினார். 65 வயதும் அதற்கு மேலும் ஆன, கீழ்முதுகு வலி உள்ள 282 பேரிடம் இவ்வகைப் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. எட்டு வாரப் பயிற்சி முடிந்ததும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியிருந்தது. ஆறு மாதத்தில் அந்த முன்னேற்றம் தங்கவில்லை. தியானத்தை மருந்துச் சீட்டாக விற்பவர்கள் இந்தப் பின்பாதியையும் சொல்ல வேண்டும்.

நகுலபிதா என்ற கிழவர் சும்சுமாரகிரி என்ற ஊரில் புத்தரைத் தேடி வந்தார். எனக்கு வயதாகிவிட்டது, உடல் ஓயாமல் படுத்துகிறது, உங்களை அடிக்கடி வந்து பார்க்கவும் முடிவதில்லை என்றார். புத்தர் அதை மறுக்கவில்லை; உண்மைதான், இந்த உடலைச் சுமந்துகொண்டு ஒரு நொடியாவது நான் நலம் என்று சொல்பவன் பேதைதான் என்றார். பிறகு, உடல் நோயுற்றாலும் மனம் நோயுறாதிருக்கப் பழகு என்றார். வெளியே வந்த கிழவரைச் சாரிபுத்தர் பார்த்து, முகம் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே என்று வியக்கிறார். வலி போய்விட்டது என்று அந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை.

உடல் வலியையும் சமயத்தையும் சேர்த்துப் பேசும் இன்னொரு மரபு யூதர்களுடையது. யாப்போக்கு ஆற்றங்கரையில் அவர்களுடைய முன்னோனான யாக்கோபு விடியும்வரை ஒருவரோடு போராடினான். தமிழ் விவிலியம் ‘தொடைச்சந்து’ என்று சொல்லும் இடத்தில் அந்த ஆள் தொட, மூட்டு சுளுக்கிக்கொண்டது. அந்த இரவிலேயே அவனுக்கு ஆசியும் கிடைத்தது, இஸ்ரவேல் என்ற புதுப் பெயரும் கிடைத்தது. சூரியன் உதிக்கும்போது நொண்டிக்கொண்டே நடந்தான். தண்டனையாக அந்தக் கதை நொண்டலைச் சொல்லவில்லை. அதனால் மரபைப் பேணும் யூதர்கள் இன்றும் விலங்கின் அந்தத் தொடை நரம்பை உண்பதில்லை. வயதான யாக்கோபு கோலின் முனையில் சாய்ந்து தொழுதான் என்று புதிய ஏற்பாட்டில் வருகிறது. ஊன்றுகோல் இங்கே வழிபாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது.

நெடுஞ்சாண்கிடையாக விழ முடியவில்லை, மண்டியிட முடியவில்லை, தொழுகையில் நெற்றி தரையைத் தொடவில்லை என்று மனம் புழுங்கும் முதியவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். நபிகள் நாயகத்திடம் இம்ரான் பின் ஹுசைன் என்ற தோழர் தம் உடல் உபாதையைச் சொல்லிக் கேட்டபோது, நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்று பதில் வந்ததை புகாரியின் ஹதீஸ் தொகுப்பு பதிந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து தொழுபவர் சலுகை கேட்டு நிற்கவில்லை. அவருக்காகவே சொல்லப்பட்டதைச் செய்கிறார்.

இனிச் செய்யக்கூடியவை. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியைப் பற்றிய புரிதல், முறையான உடற்பயிற்சி, உடம்பு பிடித்துவிடுதல், மனநலச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும், அபின் வகை வலி மருந்துகளும் வழக்கமாகத் தரவேண்டியவை அல்ல என்கிறது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரை முதியவர்களின் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் நாள்கணக்கில் விழுங்கக் கூடாது. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போவது, கால்களுக்கிடையே மரத்துப்போவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது, விழுந்தபின் வரும் கடும் வலி - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊன்றுகோல் பிடிப்பதில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். வலது இடுப்பு மூட்டு வலித்தால் கோல் இடது கையில் இருக்க வேண்டும். வலக்காலில் நிற்கும்போது உடல் இடப்பக்கம் சரியாமல் வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுப்பு மூட்டின்மேல் உடல் எடையைப்போல் பல மடங்கு அழுத்தமாக விழும். இடக்கையின் கோல் அந்த வேலையில் பங்கெடுத்துக்கொள்கிறது. மூட்டு முற்றிலும் தேய்ந்து இதெல்லாம் பலிக்காதபோது மாற்று மூட்டு இருக்கிறது. ஜான் சார்ன்லி 1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் நிலைநிறுத்திய அந்தச் சிகிச்சை எத்தனையோ முதியவர்களை மீண்டும் நடக்க வைத்திருக்கிறது. அதை ஏற்பது விதியை மீறுவதாகாது.

சிராவஸ்தியின் பூர்வாராமத்தில் ஒரு மாலை, புத்தர் மேற்கு வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சூடேற்றிக்கொண்டிருந்தார். ஆனந்தர் கைகால்களைப் பிடித்துவிட்டபடி, தோல் சுருங்கிவிட்டதே, உடல் முன்னால் கூனிவிட்டதே என்றார். ஆமாம் ஆனந்தா, அப்படித்தான் என்று புத்தர் ஒத்துக்கொண்டார்.

எண்பது வயதில் அவர் ராஜகிருகத்திலிருந்து குசிநாரா வரை நடந்தார். கடைசிக் கட்டத்தில் வழியில் ஒரு மரத்தடியில் ஒதுங்கி, ஆடையை நான்காக மடித்து விரி ஆனந்தா, களைப்பாக இருக்கிறது, உட்காருகிறேன் என்றார். தண்ணீர் கேட்டார். வண்டிகள் கடந்துபோன ஓடை கலங்கிக் கிடந்தது. ஆனந்தர் தயங்க, அவர் மூன்றாம் முறையும் கேட்டார். ஆனந்தர் போய்ப் பார்த்தபோது தண்ணீர் தெளிந்திருந்தது. முகந்து வந்து கொடுத்தார். புத்தர் குடித்தார், பிறகு எழுந்து, ககுத்தா ஆற்றை நோக்கி நடந்தார்.