பிரையன் ஹெல்மரின் 1,117 ஆட்டங்கள்

பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியில், அமெரிக்கன் ஹாக்கி லீகில் தடுப்பாட்டக்காரர் பிரையன் ஹெல்மர் ஆடிய ஆட்டங்கள் 1,117. அதற்கு ஒரு படி மேலே உள்ள நேஷனல் ஹாக்கி லீகில் ஆடியவை 146. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், "பாவம், மேலே நிலைக்கவே முடியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வருவதில்லை. மேலே போவதற்கான வழி என்று எல்லோரும் நினைக்கும் ஓர் இடத்திலேயே ஒருவர் ஏறக்குறைய இருபது வருடம் வாழ்ந்தால், அந்த வாழ்க்கையை எதைக் கொண்டு அளப்பது?

அந்த லீக் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் கேள்வியின் கனம் புரியும். இன்று அதில் 32 அணிகள். ஒவ்வொன்றும் மேல் லீகின் ஓர் அணிக்கு ஆள் தயாரித்துத் தருகிறது. மேலே ஒருவருக்கு அடிபட்டால் கீழே ஒருவருக்கு இரவோடு இரவாக அழைப்பு வரும். அடிபட்டவர் தேறியதும் போனவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பலருடைய ஒப்பந்தத்தில் இரண்டு சம்பளம் எழுதியிருக்கும்: மேலே இருந்தால் ஒன்று, கீழே இருந்தால் அதில் சிறு பங்கு. சில வாரங்களில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று தொடர்ந்து மூன்று நாளும் ஆட்டம் இருக்கும். நடுவில் பஸ் பயணம்.

இன்னொரு விதியும் உண்டு. ஓர் ஆட்டத்தில் கோல்கீப்பர்களைத் தவிர்த்து 18 பேர் களமிறங்கினால், அவர்களில் 13 பேராவது வளரும் வீரர்களாக இருக்க வேண்டும். மிச்சமிருப்பது ஐந்தே இடம். அனுபவசாலிகள் எல்லோரும் அந்த ஐந்துக்குத்தான் போட்டி போட வேண்டும். நீ இங்கே தங்க வந்தவன் இல்லை என்று லீகே எழுதி வைத்திருக்கும் இடத்தில்தான் ஹெல்மர் தங்கினார்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1972இல் பிறந்தவர். இளம் வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் டிராஃப்டில் அவரை யாரும் எடுக்கவில்லை. 1993இல் ஆல்பனி ரிவர் ராட்ஸில் சேர்ந்தார். அவருக்கு முன் அந்த லீகின் தடுப்பாட்டக்காரர்களில் அதிகப் புள்ளிகள் எடுத்திருந்தவர் ஜான் ஸ்லேனி. 1990 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக எடுக்கப்பட்டவர். 1991 உலக ஜூனியர் போட்டியில் சோவியத் யூனியனுக்கு எதிராகக் கனடாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கோலை அடித்தவர். வாசலில் மாலையோடு வரவேற்கப்பட்டவர், யாரும் கூப்பிடாமல் வந்தவர், இருவர் பெயரும் கடைசியில் ஒரே ஏட்டில் அடுத்தடுத்த வரியில் நிற்கின்றன. திறமையும் உழைப்பும் இருந்தால் மேலே போய்விடலாம் என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் கணக்கு எவ்வளவு அரைகுறையானது!

தடுப்பாட்டக்காரரின் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எதிரணிக்காரர் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வருகிறார். இவர் அதே வேகத்தில் பின்னோக்கிச் சறுக்குகிறார். கண் பக்கின் மேல் இருக்கக் கூடாது, வருபவரின் மார்பின் மேல் இருக்க வேண்டும். பக் ஏமாற்றும், உடம்பு அவ்வளவு எளிதில் ஏமாற்றாது. நடுவில் ஒரு மட்டையளவு தூரம். கூடினால் அவருக்குக் கோலை நோக்கி அடிக்க இடம் கிடைத்துவிடும், குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவார். அந்தத் தூரத்தைக் காத்தபடியே அவரைப் பக்கவாட்டுப் பலகையோரம் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆட்டக் குறிப்பில் ஒரு வரிகூட ஏறாது. முக்கால் நிமிடத்தில் மூச்சு வாங்க பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். மூன்று நிமிடம் கழித்து மறுபடியும் இதே வேலை.

ஹெல்மருக்கு மேலே போக ஆசையே இல்லை என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஃபீனிக்ஸ், செயின்ட் லூயிஸ், வான்கூவர் என்று கூப்பிட்டபோதெல்லாம் போனார். 36 வயதில் வாஷிங்டன் கூப்பிட்டபோதும் போனார், திரும்பியும் வந்தார். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தத் திரும்பி வருதல்தான். கிடைக்காத ஒன்றை விரும்பிக்கொண்டே, கையில் இருக்கும் வேலையைக் கசப்பில்லாமல் செய்வது எத்தனை பேருக்கு வாய்க்கிறது? வருத்தம் பலரைக் கைவேலையில் அசட்டை செய்ய வைக்கும். இவரை வைக்கவில்லை. பென்சில்வேனியாவின் சாக்லேட் ஊரான ஹெர்ஷியில், ஹெர்ஷி பேர்ஸ் அணியின் கேப்டனாக 2009இலும் 2010இலும் அந்த லீகின் கால்டர் கோப்பையை ஏந்தினார். 2010 இறுதிச்சுற்றில் முதல் இரண்டு ஆட்டங்களைத் தோற்றுவிட்டு, அடுத்த நான்கையும் தொடர்ச்சியாக வென்ற அணி அது.

அதே அணியின் தடுப்பில் அப்போது ஜான் கார்ல்சன் என்ற இளைஞரும் இருந்தார். 2018இல் வாஷிங்டன் மேல் லீகின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அந்த அணியின் முதன்மைத் தடுப்பாட்டக்காரர் அவர்தான். யாரிடம் எதைக் கற்றார் என்று அளந்து சொல்ல முடியாது. ஆனால், இருபது வயதில் ஒரே உடை மாற்றும் அறையில், ஆயிரம் ஆட்டம் ஆடியும் அலுத்துக்கொள்ளாத ஒருவர் பக்கத்தில் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

2012இல் ஓய்வு பெற்ற ஹெல்மர், பிறகு ஹெர்ஷி அணியின் நிர்வாகத்துக்கே வந்தார். அவர் பொறுப்பில் இருந்தபோதே 2023, 2024 இரண்டு ஆண்டும் கோப்பை அங்கே வந்தது. வளரும் வீரர்களுக்குப் பதின்மூன்று இடம் வேண்டும்தான், மறுக்கவில்லை. மற்ற ஐந்தை மட்டும் லீக் ஒருநாளும் குறைத்துவிடக் கூடாது.